மூடாத ஷட்டரும் நானும்

எங்கள் ஊர்க் கண்மாய் மடைக்கு இரும்பு ஷட்டர் வந்தது என்னால்தான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. சொல்லும் உத்தேசமும் இல்லை. அது தலைவர் கொண்டுவந்தது, யூனியன் ஆபீஸ் கொடுத்தது என்று யாராவது என் காதுபடப் பேசினால் இன்றைக்கும் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். தலைவர் கையெழுத்துப் போட்டார், யூனியன் ஆபீஸ் இரும்பு அனுப்பியது. கேட்டது நான். கேட்டதோடு விடாமல், வந்த முதல் வருஷமே அந்த ஷட்டர் ஊர்த் தண்ணீரையும் என் மானத்தையும் சேர்த்து வாங்கப் பார்த்தபோது, அதன் பக்கத்தில் நின்று சண்டை போட்டவளும் நான்தான்.

எங்கள் ஊர் சாத்தூருக்கு மேற்கே, பஸ்ஸை விட்டு இறங்கிக் கரிசல் காட்டுக்குள் நடந்து போகிற ஊர். சுற்றிலும் பருத்தி, கம்பு, மிளகாய் எல்லாம் வானத்தை நம்பி விளையும். கண்மாய்க்குக் கீழே மட்டும் கொஞ்சம் நஞ்சை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்கிற மழை ஓடை வழியாக வந்து கண்மாயில் சேரும். அதை வைத்துக்கொண்டுதான் தைக் கடைசி வரைக்கும் நெல்லைக் காப்பாற்ற வேண்டும். நடுவில் இன்னொரு மழை பெய்தால் அது இருக்கன்குடி மாரியாத்தா பார்த்துக் கொடுத்தது. அதனால் எங்களுக்குத் தண்ணீர் வருவதைவிட, வந்ததைப் பிடித்து வைத்து, வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவு வாய்க்காலில் விடுவதுதான் பெரிய காரியம்.

என் வீட்டுக்காரருக்குச் சிவகாசியில் ஓர் அச்சாபீஸில் வேலை. பட்டாசுப் பெட்டிக்கு ஒட்டுகிற லேபிள், காலண்டர் எல்லாம் அங்கே அச்சாகும். சனிக்கிழமை சாயங்காலம் நகக்கண்ணில் சிவப்பு மையும் மஞ்சள் மையுமாக வருவார். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய்விடுவார். சிவகாசியில் மழை பெய்தால் வெடி காயாது, கம்பெனிக்காரர்கள் முகம் தொங்கிப்போகும். எங்கள் ஊரில் மழை பெய்யாவிட்டால் எங்கள் முகம் தொங்கிப்போகும்.

"ஒரே வானத்தப் பாத்து நீ ஒண்ணு கேக்க, எங்க மொதலாளி ஒண்ணு கேக்காரு. சாமி யாருக்குத்தான் குடுக்கும்?" என்று கேலி செய்வார்.

"யாரு சத்தமாக் கேக்காகளோ அவுகளுக்கு" என்பேன்.

வயலைப் பார்ப்பது, களையெடுக்க ஆள் கூப்பிடுவது, அறுப்பு எல்லாம் என் பொறுப்பு. எங்கள் வயல் வாய்க்காலின் கடைசியில் இருந்தது. கடைமடை வயல்காரிக்குக் குரல் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். எனக்கு அதற்கு மேலேயும் இருந்தது.

ஷட்டர் வருவதற்கு முன்னால் மடை எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். கரையிலிருந்து கொஞ்ச தூரம் தள்ளித் தண்ணீருக்குள் இரண்டு கல்தூண் நிற்கும். அதற்கு நடுவே, கண்மாயின் தரையில், பாவுகல்லில் வட்டமாக ஒரு துவாரம். அந்தத் துவாரத்தை ஓர் அடைகட்டை மூடியிருக்கும். கருவேல மரத்தில் செதுக்கி, இரும்புப் பூண் போட்டு, கவிழ்த்து வைத்த மொந்தை மாதிரி இருக்கும் அது. அதன் தலையில் ஒரு நீளக் கம்பு செருகியிருக்கும். கம்பைத் தூக்கினால் கட்டை எழும்பும், தண்ணீர் துவாரத்தில் இறங்கி, கரைக்கு அடியில் ஆள் தவழ்ந்து போகிற அளவுக்குக் கட்டியிருந்த கல் சுரங்கம் வழியாக வாய்க்காலுக்குப் போகும். கட்டையை இறக்கினால் நிற்கும்.

கேட்பதற்குச் சுலபம். கண்மாய் நிறைந்து கிடக்கும்போது தண்ணீரின் பாரம் முழுவதும் அந்தக் கட்டையின் தலையில் உட்கார்ந்திருக்கும். மேலே நின்று இழுத்தால் அசையாது. ஒருத்தர் மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி, அடியில் கடப்பாரையைக் கொடுத்து அசைத்துவிட வேண்டும். மூடும்போதும் முங்கி, கட்டை துவாரத்தில் நேராக உட்காருகிறதா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும். தண்ணீர் ஆளை உள்ளே இழுக்கிற இடம் அது. அந்த வேலைக்கென்று ஊரில் பரம்பரையாக ஒரு நீர்பாய்ச்சி இருந்தார். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. ஐம்பது வயசுக்கு மேல் ஆகியும் முங்கினால் கரையில் நிற்கிறவர்களுக்கு மூச்சு முட்டுகிற அளவுக்கு உள்ளே இருப்பார். அந்தப் பெருமையும் அவருக்கு உண்டு.

ஒரு வருஷம் மடையை மூட வேண்டிய அன்றைக்கு அண்ணாச்சிக்குக் கடுமையான காய்ச்சல். என் கொழுந்தன், இளவட்டம், நான் முங்குகிறேன் என்று இறங்கினான். அவன் தடவிக்கொண்டிருக்கும்போதே மேலே கம்பைப் பிடித்திருந்தவர்களுக்குக் கை வழுக்கிவிட்டது. கட்டை அவன் கைமேல் உட்கார்ந்தது. கம்பைத் திரும்பத் தூக்கி அவனை வெளியே எடுப்பதற்குள் வலது கையில் இரண்டு விரல் நசுங்கிப் போயிற்று. விருதுநகர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட நர்ஸம்மா, "எந்தக் கம்பெனி மெஷின்ல கையக் குடுத்தாரு?" என்று கேட்டார்.

"மெஷின் இல்லம்மா. எங்க கண்மாய் மடைய மூடப் போனாரு" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. அவருக்கு விளக்கிச் சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. ஊரே கூடி நின்று ஒரு துவாரத்தை மூடுவதற்கு ஒருவன் விரலைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். இனிமேல் அந்தத் துவாரத்துக்குள் எந்த மனுஷன் கையும் போகக் கூடாது என்று அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து முடிவு பண்ணினேன்.

அந்தச் சமயத்தில்தான் பஞ்சாயத்தில் ஒரு பெண்ணும் உறுப்பினராக இருக்க வேண்டும் என்று சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவள், புருஷன் வெளியூரில் வேலை பார்க்கிறான், அதனால் தகராறு வராது என்று நினைத்து என்னைச் சேர்த்தார்கள். வந்து உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள், பாவம். முதல் கூட்டத்திலேயே, சாவடிக்கு வெள்ளையடிப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்களை நிறுத்தி, மடைக்கு ஷட்டர் வேண்டும் என்றேன். தலைவர் என்னை ஊர்முறையில் தங்கச்சி என்பார். "ஆகட்டும் தங்கச்சி, பாப்போம்" என்றார். அடுத்த கூட்டத்திலும் கேட்டேன். அதற்கடுத்த கூட்டத்திலும் கேட்டேன். கடைசியில் என்னைக் கண்டாலே, நான் வாய் திறப்பதற்கு முன்னால், "எழுதிப் போட்டாச்சு தங்கச்சி, எழுதிப் போட்டாச்சு" என்று சொல்லும் நிலைமைக்கு அவர் வந்துவிட்டார்.

ஒரு கோடையில் கண்மாய் காய்ந்து கிடக்கும்போது யூனியன் ஆபீஸ் ஓவர்சியர் ஆள்களோடு வந்தார். பழைய துவாரத்தைச் சிமெண்டு போட்டு அடைத்து, கரையோரத்தில் சுரங்கத்துக்குப் புதுசாக வாய் திறந்து, அங்கே சட்டம் பதித்து, இரும்புத் தகடு இறக்கினார்கள். தகட்டிலிருந்து ஒரு திருகுக் கம்பி மேலே வந்து, கரையை ஒட்டிக் கட்டின மேடையில் முடியும். மேடையில் நின்று கைப்பிடியைச் சுற்றினால் கம்பி மேலே எழும்பும், கூடவே தகடும் எழும்பும். மறுபக்கம் சுற்றினால் இறங்கும். கம்பியில் ஓர் இடத்தில் சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டார் ஓவர்சியர். "இந்தக் கோடு மேடையைத் தொட்டா மடை மூடியாச்சுன்னு அர்த்தம். ஒண்ணரைச் சாணுக்கு மேல தூக்காதீங்க, உங்க வாய்க்கால் தாங்காது" என்றார். என் கொழுந்தன் மூன்று விரல் கையால் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தான். தகடு ஏறி இறங்கியது. எனக்குக் கண் கலங்கியது. தூசி விழுந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

நீர்பாய்ச்சி அண்ணாச்சி மட்டும் ஷட்டர் பக்கம் திரும்பவில்லை. "கையச் சுத்துறதுக்கு நீர்பாய்ச்சி எதுக்கு? ஐஸ் மெஷின் சுத்துறவன் போதுமே" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். சுற்றுகிற வேலையும் அவருக்கே என்று பஞ்சாயத்தில் முடிவானது. ஏற்றுக்கொண்டார். முகத்தை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டார்.

இப்போது பழைய அடைகட்டையை என்ன செய்வது என்று ஒரு பிரச்சினை வந்தது. ஒவ்வொரு வருஷமும் மடை திறக்கிற அன்றைக்கு மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டி, தேங்காய் உடைத்துக் கும்பிட்ட கட்டை. அதை அடுப்பில் வைக்க முடியுமா? கோயிலில் வைக்கலாம் என்றார் தலைவர். "தண்ணிக்குள்ளயே கெடந்த சாமியத் தூக்கி வெயில்ல வைக்கச் சொல்லுதீகளா?" என்று அண்ணாச்சி கேட்டார். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. கடைசியில், புது ஷட்டரைத் திறக்கிற அன்றைக்கு, கம்பை மட்டும் அறுத்துவிட்டு, கட்டையை அது இருந்த இடத்திலேயே தண்ணீருக்குள் இறக்கிவிடுவது என்று ஊர் கூடி முடிவு செய்தது.

ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. கண்மாய் நிறைந்தது. நடவு முடிந்து பயிர் வேர் பிடித்த சமயத்தில் நாள் பார்த்துத் திறந்தார்கள். அண்ணாச்சி கட்டையைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரித் தூக்கிக்கொண்டு போய், கல்தூண்களுக்கு நடுவே விட்டார். பூண் போட்ட கட்டை, நேரே உள்ளே போயிற்று. பெண்கள் குலவை போட்டோம். என் குலவைதான் எல்லாவற்றிலும் நீளம். பிறகு ஷட்டரைச் சுற்றினார்கள். ஓவர்சியர் சொன்ன அளவெல்லாம் அந்த உற்சாகத்தில் யாருக்கு ஞாபகம் இருந்தது? இரண்டு சாணுக்கு மேலேயே தூக்கிவிட்டார்கள். வாய்க்காலில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடியது. தலைவர் என்னைப் பார்த்து, "திருப்திதானா தங்கச்சி?" என்றார். திருப்தி என்றேன்.

வயலெல்லாம் நிரம்பிய சமயத்தில் மழையும் பிடித்துக்கொண்டது. இனி மடையை மூட வேண்டும். அண்ணாச்சியும் என் கொழுந்தனும் போய்ச் சுற்றினார்கள். தகடு இறங்கியது. சிவப்புக் கோடு மேடையைத் தொடுவதற்கு ஒரு சாண் இருக்கும்போது கைப்பிடி நின்றுவிட்டது. அதற்கு மேல் இம்மியும் நகரவில்லை. தகட்டுக்கு அடியில் அந்த ஒரு சாண் வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

முதல் நாள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் கடைமடை வயல்களில் பயிரின் நுனி மட்டும் தெரிந்தது. முதலில் முங்கினது என் வயல். இன்னும் நாலு நாள் முங்கிக் கிடந்தால் அழுகிவிடும். அந்தப் பக்கம் கண்மாயில் கல்தூணின் ஈரத்தடத்துக்குக் கீழே கீழே தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. மழையும் விட்டுவிட்டது. இப்போது வேண்டாத நேரத்தில் வயலை மூழ்கடிக்கிற தண்ணீர்தான் தை மாசம் கதிர் பால் பிடிக்கும்போது வேண்டிய தண்ணீர். அது போய்விட்டால் ஊருக்கு அந்த வருஷம் நெல் இல்லை. ஓவர்சியரைக் கூட்டிவரச் சைக்கிளில் ஆள் போனது. ஆற்றில் வெள்ளம், எங்கோ உடைப்பைப் பார்க்கப் போயிருக்கிறார், எப்போது வருவார் என்று தெரியாது என்று ஆள் திரும்பி வந்தது.

ஊரில் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். கம்பியைக் குட்டையாக அனுப்பிவிட்டான் என்றார் ஒருத்தர். இரும்பு தண்ணீரில் ஊறிப் பருத்துவிட்டது என்றார் இன்னொருத்தர். சிலர் காரணமே சொல்லவில்லை. என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எனக்குப் பின்னாலிருந்து ஒருத்தர், "பொம்பளையப் பஞ்சாயத்துல சேத்தா கண்மாயும் வாய மூடாது" என்றார். வேறு நேரமாக இருந்தால் நானே சிரித்திருப்பேன். நல்லாத்தான் சொல்லியிருந்தார்.

மறுநாள் காலையில் நான் கரைக்குப் போனபோது ஆண்கள் எல்லோரும் அங்கே நின்றார்கள். கைப்பிடிக்குள் கடப்பாரையைச் செருகி, நாலு பேர் சேர்ந்து தகட்டை இறக்கப் பார்த்தார்கள். என் கொழுந்தன், "மதினி, கம்பி வளையுது, இவுக கேக்க மாட்டேங்காக" என்று கத்தினான். நான் மேடையில் ஏறி கடப்பாரையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது அண்ணாச்சி சட்டையைக் கழற்றி ஒரு பையனிடம் கொடுத்தார். துண்டை இறுக்கிக் கட்டினார். "எல்லாரும் தள்ளுங்கலே. இரும்பு செய்யாத வேலைய நான் செய்யுதேன். முங்கி என்னன்னு பாத்துட்டு வாரேன்" என்றார். அவர் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு வெளிச்சம் தெரிந்தது.

தகட்டுக்கு அடியில் தண்ணீர் அம்புட்டு வேகத்தில் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் போகிற ஆளைத் தகட்டோடு சேர்த்து ஒட்டிவிடும். மூச்சு விட மேலே வர முடியாது. அவருக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்துதான் துண்டைக் கட்டினார்.

"அண்ணாச்சி, நீங்க எறங்குனா நானும் எறங்குவேன்" என்றேன். "எனக்கு நீச்சல் தெரியாது."

"என்ன தாயி, வெளையாடுதீகளா?"

"வெளையாடல. இந்த மடைக்குள்ள இனிமே ஒரு ஆளு எறங்கக் கூடாதுன்னுதான் நான் இத வாங்குனேன். நீங்க எறங்கிட்டா நான் வாங்குனதுக்கு அர்த்தமே இல்ல. பெறகு நான் இருந்து என்னத்துக்கு?"

அவர் தண்ணீரையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். நான் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு மேடையின் விளிம்பில் நின்றேன்.

"அப்ப என்னதான் செய்யச் சொல்லுத தங்கச்சி?" என்றார் தலைவர். அவருக்கும் கோபம்.

இரண்டு நாளாக நான் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். கம்பி குட்டை என்றால் கோடையில் எப்படி மூடியது? என் கண்ணால் பார்த்தேனே, சிவப்புக் கோடு மேடையைத் தொட்டதை. அப்படியென்றால் தகட்டுக்கு அடியில் எதுவோ மாட்டியிருக்கிறது. கல்லோ, வெள்ளத்தில் வந்த மரமோ, ஏதோ ஒன்று.

"உங்க வீட்டுல உளுந்து ஒடைக்கும்போது திருகைக்குள்ள கல்லு மாட்டிக்கிட்டா என்ன செய்வீக? மேல்கல்ல அமுக்குவீகளா, தூக்குவீகளா?" என்று கேட்டேன்.

"திருகைய நாங்க எங்க சுத்தினோம்?" என்றார் ஒருத்தர். சிலர் சிரித்தார்கள்.

"சுத்துறவ சொல்லுதேன், கேளுங்க. தூக்கணும். மேல்கல்லத் தூக்குனாத்தான் மாட்டுனது வெளிய வரும். ஷட்டர முழுசாத் தூக்குங்க. தண்ணி வேகத்துக்கு அடியில கெடக்கிறது சுரங்கம் வழியா அந்தப் பக்கம் போயிரும். பெறகு மூடுங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். போகிற தண்ணீர் பத்தாது என்று கண்மாயையே திறந்துவிடச் சொல்கிறாள் என்றார்கள். தூக்கிவிட்டு மறுபடி இறங்காவிட்டால் என்ன செய்வாய் என்றார்கள். நல்ல கேள்விதான். எனக்கும் பதில் தெரியாது. முழுசாகத் திறந்து, அது அப்படியே நின்றுவிட்டால், ஒரு பகலில் ஊரின் வருஷத் தண்ணீர் காட்டில் போய்ச் சேரும். அதற்கப்புறம் அந்த ஊரில் நான் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. ஆனாலும் அமுக்கினால் கம்பி ஒடியும், முங்கினால் ஆள் சாவார். மிச்சம் இருப்பது இது ஒன்றுதான்.

அண்ணாச்சிதான் முடிவு பண்ணினார். "இந்தப் பொம்பள குதிச்சாலும் குதிப்பா. தூக்குங்கலே" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "தண்ணி போச்சுன்னா ஊருக்கு நீங்கதான் பதில் சொல்லணும் தாயி" என்றார். சொல்கிறேன் என்றேன்.

ஆனால் உடனே தூக்க விடவில்லை. வாய்க்கால் கரை உடைந்தால் எல்லாம் வீண். ஊருக்குள் ஆள் அனுப்பினேன். களையெடுக்கப் போகிற பெண்கள் வந்தார்கள். வீட்டில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த பெண்கள் பசைக் கையோடு வந்தார்கள். மண்வெட்டி, வைக்கோல், பனையோலை, கிழிந்த சாக்கு, கையில் கிடைத்ததை எல்லாம் கொண்டுவந்தார்கள். வாய்க்கால் நெடுக வலுவில்லாத இடங்களில் ஆள் நிறுத்தினோம். கடைமடையில், வயலுக்குள் பாயாமல் தண்ணீர் கீழ்ப்பக்கத்து ஓடைக்குப் போகும்படி கரையை வெட்டிவிட்டோம். மாமியார் மருமகள் சண்டையில் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூடப் பக்கத்துப் பக்கத்தில் நின்று சாக்கில் மண் அள்ளினார்கள். என் ஊர்ப் பெண்கள் அன்றைக்கு நின்ற நிலையை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிமிர்கிறது.

பிறகு சுற்றினார்கள். கம்பி எழும்ப எழும்ப, சுரங்கத்தின் அந்தப் பக்கம் தண்ணீர் உறுமியது. வாய்க்கால் விளிம்பு வரைக்கும் ஏறியது. "இங்கன கசியுது", "அங்கன ரெண்டு சாக்கு குடுங்க" என்று குரல்கள் வந்துகொண்டே இருந்தன. முழுசாகத் தூக்கியாகிவிட்டது. ஒன்றும் வரவில்லை. தண்ணீர் மட்டும் வந்தது. தலைவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. மாரியாத்தாவுக்கு என்னென்னவோ நேர்ந்துகொண்டேன். எதை நேர்ந்தேன் என்று பின்னால் ஞாபகம் வராமல், தோன்றியதை எல்லாம் செய்து தீர்த்தேன்.

சுரங்கத்துக்குள் எங்கோ 'டொம்' என்று ஒரு சத்தம் கேட்டது. இன்னொரு தடவை கேட்டது. பிறகு கறுப்பாக ஒன்று தண்ணீரோடு வெளியே வந்து, வாய்க்கால் கரையில் மோதித் திரும்பியது. அதில் இரும்புப் பூண் இருந்தது. ஒரு பக்கம் தகடு அழுத்தின தழும்பு இருந்தது.

அண்ணாச்சி இடுப்பளவுத் தண்ணீரில் குதித்து அதைக் கட்டிப் பிடித்தார். ஓடுகிற தண்ணீரில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க அவரால் மட்டும்தான் முடியும். எங்கள் பழைய அடைகட்டை. நாங்கள் ஊர் கூடி மஞ்சள் பூசி, குலவை போட்டு, நாங்களே உள்ளே விட்ட கட்டை. திறந்த மடையின் இழுப்பு அதைத் தரையோடு உருட்டிக்கொண்டு வந்து தகட்டுக்கு அடியில் சேர்த்திருக்கிறது.

"மூடுங்கலே!" என்று கத்தினார். கொழுந்தன் கைப்பிடியைச் சுற்றினான். கம்பி இறங்கியது. ஒரு சாண் இருக்கும்போது எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். கைப்பிடி நிற்கவில்லை. சிவப்புக் கோடு மேடையைத் தொட்டது. வாய்க்கால் பக்கத்துச் சுரங்க வாயில் தண்ணீர் மெலிந்து, நூலாகி, நின்றது.

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. பிறகு கரை முழுவதும் சிரித்தது. ஒரு இளவட்டம், "இத உள்ள போட்டது யாருலே?" என்று கேட்டுவிட்டு அண்ணாச்சியைப் பார்த்தான். அவர் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தார். முகம் செத்துப்போயிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பையனை இரண்டு போட்டிருப்பேன்.

"ஊரே போட்டோம்" என்றேன். "நான் குலவை போட்டேன். ஒங்கம்மாவும் போட்டா. நீ தேங்கா தின்ன. யாருன்னு கேக்க வந்துட்டான்."

அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். கட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் கோயில் வேப்பமரத்தடியில் வைத்தார். வெயில் பட்டால் படட்டும் என்றாராம்.

பயிர் பிழைத்தது. கண்மாயில் முக்கால்வாசித் தண்ணீர் மிஞ்சியது. சனிக்கிழமை வந்த என் வீட்டுக்காரருக்குப் பஸ் நிற்கிற இடத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது. "நீச்சல் தெரியாதுன்னு சொல்லியா குதிக்கப் போன? எங்கம்மாவ மெரட்டுன மாதிரியே ஊரையும் மெரட்டிட்டியே" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். சாப்பிடும்போது மட்டும் திடீரென்று, "நெசமாக் குதிச்சிருப்பியா?" என்றார். தெரியாது என்றேன். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

தை பிறந்தது. கதிர் பால் பிடிக்கிற சமயம். மண் வெடிக்க ஆரம்பித்துவிட்டது, தண்ணீர் விட வேண்டும். ஊரில் வழக்கம் என்னவென்றால், மடை திறப்பதற்கு முன்னால் நீர்பாய்ச்சி வயல்காரர்களைப் பார்த்து எவ்வளவு திறக்க என்று கேட்பார். அதிகம் திறந்தால் தண்ணீர் சீக்கிரம் தீரும், குறைவாகத் திறந்தால் கடைமடைக்கு எட்டாது. ஆண்களிடம்தான் கேட்பார். ஆண் வீட்டில் இல்லாவிட்டால் மறுநாள் வருவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணாச்சி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் உள்ளே உலை வைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் எழுந்து, "வாங்க அண்ணாச்சி, உக்காருங்க. மடை தெறக்கவா? ரெண்டு சாண் போதும்னு நெனைக்கேன்" என்றார்.

"இருங்க தம்பி" என்றார் அண்ணாச்சி. "ஒங்களக் கேக்க வரல. தாயி எங்க? எம்புட்டுத் தெறக்கட்டும்னு அவுககிட்டக் கேக்கணும்."

நான் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். என் வீட்டுக்காரர் ஓரமாக நகர்ந்து எனக்கு வழி விட்டார்.

"ஒரு சாண் தெறங்க அண்ணாச்சி" என்றேன். "கடைமடைக்கு எட்டலைன்னா நானே வந்து சொல்லுதேன்."

"ஆகட்டும் தாயி" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு சாண் திறப்பதற்காக அவர் கண்மாய்ப் பக்கம் நடந்தார்.